பத்து மணிக்குள் ஒரு நல்ல இடம்

நல்ல இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விடு என்று டாக்ஸிக்காரனிடம் சொன்னதுதான் அன்றைக்கு நாங்கள் செய்த முதல் தவறு. அவன் எங்கள் மூன்று பேரையும் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான். ஐம்பதைத் தாண்டிய மூன்று ஆண்கள், மூவருக்கும் இஸ்திரி போட்ட சட்டை, ஒருவன் கழுத்தில் மட்டும் மஃப்ளர். "புரிஞ்சுது சார்" என்றான். அவனுக்கு என்ன புரிந்தது என்பது ஐந்து நிமிடத்தில் எங்களுக்கும் புரிந்தது. அவன் இறக்கிவிட்ட இடத்தில் வாசல் படியிலேயே நெஞ்சு திம் திம் என்று அதிர்ந்தது.

அப்போது மணி ஆறே முக்கால். பத்து மணிக்குள் ஹலோவைத் திரும்ப மருத்துவமனையில் கொண்டுபோய் விட வேண்டும். காலை ஏழு மணிக்கு அவனுக்கு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவனுக்குக் குரல் இருக்காது.

ஹலோ என்பது அவனுடைய பெயர் இல்லை, அவன் செய்த வேலை. நாங்கள் மூன்று பேரும் கூட்டாக மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள். கல்யாணம், மாநாடு, கல்லூரி விழா, பணக்கார வீட்டுப் பார்ட்டி, எதுவானாலும் வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். கேபிள் இழுப்பதும் வண்டி ஓட்டுவதும் நாங்கள் வயர் என்று கூப்பிடும் ஒல்லிப்பிச்சானின் வேலை. கூடத்தின் கடைசியில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது நான். விழா தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேடையில் ஏறி, ஒவ்வொரு மைக்காகப் போய் நின்று, "ஹலோ... ஹலோ... ஒன்னு, ரெண்டு... கேக்குதா?" என்று கேட்பவன் அவன். சரியாக இருந்தால் நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். அவன் அடுத்த மைக்குக்கு நகர்வான். முப்பது வருடம் இப்படியே போயிற்று.

நல்ல குரல் அவனுக்கு. தலைமை தாங்க வருகிறவர்களின் குரல் அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் தலைமை தாங்குகிறவர் வந்ததும் இவன் இறங்கித் திரைக்குப் பின்னால் போய்விடுவான். அந்தக் குரல்வளையில்தான் கட்டி வந்தது. எங்கள் ஊர் டாக்டர் கையை விரித்துவிட்டு இந்த நகரத்துக்கு அனுப்பினார். இங்கே இருந்த பெரிய டாக்டர் குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்றார். கழுத்தில் ஒரு துளை வைப்பார்களாம், மூச்சு அதன் வழியாகத்தானாம். சில மாதம் கழித்துக் கழுத்தில் ஒரு கருவியை வைத்துப் பேசலாமாம். "ஆனா அது உங்க குரலா இருக்காது" என்றார்.

"அதுக்கும் நான்தான் டெஸ்டிங் பண்ணணுமா டாக்டர்?" என்று கேட்டான் ஹலோ.

டாக்டர் சிரித்துவிட்டார். நான் வெளியே வந்து நடைபாதையில் இருந்த குப்பைத் தொட்டியை ஓங்கி உதைத்தேன். அது இரும்புத் தொட்டி. கட்டை விரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். எனக்கு மூக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும், அது பொய் இல்லை.

அவன் மனைவி எனக்குத் தங்கச்சி முறை மாதிரி. அன்று மதியம் வார்டுக்கு வெளியே தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, அவர் குரல் எங்கயாவது இருக்கா?"

"எங்கயாவதுன்னா?"

"ரெக்கார்டா. என் போன்ல பதினோரு வீடியோ இருக்கு. எல்லாத்துலயும் தலைய ஆட்டுறாரு, கையக் காட்டுறாரு. ஒண்ணுல கூட வாயத் தொறக்கல. மெசேஜ் போட்டா கட்ட விரல் பொம்மை மட்டும் அனுப்புவாரு. உங்ககிட்ட இல்லாமயா போகும்? முப்பது வருசம் மைக்கு முன்னாடியே நின்னவரு."

எங்களிடம் இல்லை. கடை அலமாரி கொள்ளாமல் பதிவுகள் கிடந்தன. எல்லாம் யார் யாரோ பேசிய பேச்சு. விழா தொடங்கிய பிறகுதான் பதிவு பட்டனை அழுத்துவோம். சோதனையை எவன் பதிவு செய்வான்? அதோடு, பதிவு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பால பாடம். அது அவன் உடம்பில் ஊறிப்போய், வீட்டில் யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால்கூட வாயை மூடிக்கொள்வான்.

"பொண்ணுக்கு எட்டாம் மாசம், அவளால வர முடியல" என்றாள் தங்கச்சி. "பொறக்கப் போறது தாத்தா குரலக் கேக்கவே கேக்காது. எனக்கும் வேணும்ணே. திட்டினாலும் பரவால்ல. ஏதாவது பேசவச்சுப் பிடிச்சுக் குடுங்க."

அதற்கென்ன, ஐந்து நிமிட வேலை என்று சொன்னேன். வயர் எங்கே போனாலும் ஒரு சின்ன ரெக்கார்டரைப் பையில் வைத்திருப்பான். மருத்துவமனைக்கு எதிரே நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் அறைக்கு ஹலோவைக் கூட்டி வந்து, கட்டிலில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே நீட்டிப் பேசு என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஹலோ... ஹலோ... ஒன்னு, ரெண்டு... கேக்குதா?"

அவ்வளவுதான். திருவிழாவில் தொலைந்தவன் மாதிரி முழித்தான். "மேல வர மாட்டேங்குதுடா. மைக்கப் பாத்தா வாயில இதுதான் வருது."

வயர் முதலில் சிரித்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இன்னும் நாலு தடவை முயன்றோம். நாலு தடவையும் அவன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். நான் கத்தினேன். பொண்டாட்டியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு என்னடா கேடு என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு செய்வோம்" என்றான். "நாம எத்தன பெரிய ஓட்டல்ல செட் போட்டிருக்கோம்? மெத்து மெத்துன்னு சோபா, மங்கலா விளக்கு, காதுல படாத மாதிரி பாட்டு... ஒரு நாளாவது அங்க ஒரு மேஜைல உக்காந்திருக்கோமா? பெட்டி மேல உக்காந்து பொட்டலம் பிரிச்சதுதான். இன்னிக்கு அந்த மாதிரி ஒரு இடத்துக்குப் போவோம். காத்தாட உக்காந்தா பேச்சு தானா வரும். நீ அந்தக் கருவிய எங்கயாவது கண்ணுல படாம வச்சுக்க."

வார்டு நர்ஸம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினோம். பத்து மணிக்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது, அவனுக்கு மது ஒரு சொட்டு கிடையாது, பத்துக்கு மேல் தண்ணீரும் கிடையாது என்று மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். தங்கச்சியையும் கூப்பிட்டேன். "நான் வந்தா அவர் 'ம்' மட்டும்தான் சொல்வாரு. நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்று அவனுக்கு மஃப்ளரைச் சுற்றி அனுப்பினாள்.

அப்படித்தான் அந்தத் திம் திம் இடத்துக்குள் போனோம். உள்ளே ஊதா விளக்கு, புகை, ஆடுகிற கூட்டம். எங்களை விடச் சின்னவர்கள் எல்லோரும், என் மகன் வயசு. மூலையில் ஒரு மேஜை கிடைத்தது. விட்டுவிட எனக்கு மனசில்லை. டாக்ஸிக்குக் கொடுத்ததும் போய், நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சத்தத்தையும் அடக்கிவிடலாம் என்று ரெக்கார்டரை எடுத்தேன். நாய்ஸ் கேட் என்று ஒரு வசதி அதில் உண்டு. சத்தத்துக்கு ஒரு கதவு மாதிரி. நாம் வைக்கும் அளவுக்கு மேலே வரும் சத்தத்துக்குத் திறக்கும், கீழே இருப்பதை உள்ளே விடாமல் சாத்திக்கொள்ளும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை வெளியே நிறுத்தி, மைக்குக்குப் பக்கத்தில் கத்துகிற குரலை மட்டும் விடும்படி அந்த அளவை உச்சிக்கு ஏற்றினேன். வயர் கத்திப் பார்த்தான். கணீரென்று வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஹலோவால் கத்த முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, இருமல் வந்தது, கண்ணில் நீர் முட்டியது. போலாம் என்று உதட்டை அசைத்தான்.

அடுத்த இடம் வயர் போனில் பார்த்துப் பிடித்தது. படத்தில் பிரமாதமாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கோட்டுப் போட்டவன் ஒருவன் வயரின் காலைப் பார்த்தான். செருப்புக்கு அனுமதி இல்லையாம், ஷூ வேண்டுமாம்.

"கழட்டி இங்கயே விட்டுட்டு வரேன் சார்" என்றான் வயர், உண்மையாகவே.

கோட்டுக்காரன் சிரித்தான். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் சத்தம் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள், நீ கோட்டு மாட்டுவதற்கு முன்னாலேயே நாங்கள் மைக் மாட்டியவர்கள் என்று ஆரம்பித்து ஒரு பிடி பிடித்தேன். கால் மணி நேரம் போயிருக்கும். ஹலோ என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான்.

"இன்னும் ரெண்டு மணி நேரம்தான் எனக்குப் பேச்சு இருக்கு" என்றான். "அத அந்தாளுக்குச் செலவு பண்ணாத."

கோட்டுக்காரனை அப்படியே விட்டுத் திரும்பினேன். தெருவில் கொஞ்ச தூரம் நடந்தோம். வயர்தான் நின்றான். "எவனையும் இனிமே கேக்க வேணாம். நமக்குக் காது இல்லையா?"

அந்தத் தெரு முழுக்கக் கடைகளும் மதுக்கூடங்களுமாக இருந்தது. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்றோம். யாராவது உள்ளே போகவோ வெளியே வரவோ கதவு திறக்கும்போது காதைக் கொடுத்தோம். "பேஸ் ஜாஸ்தி, நெஞ்சுல இடிக்குது." "இங்க பெட்டி கிழிஞ்சிருக்கு, கொர்ருங்குது." "இவன் பாட்ட விட்டுட்டுச் சத்தத்த விக்கிறான்." ஹலோ ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான். அந்த அரை மணி நேரம் எங்களுக்கு வேலைக்கு வந்தது போலவே இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. பூட்டியிருந்த ஒரு பர்னிச்சர் கடை ஓரம் மாடிப்படி ஒன்று இருந்தது. அதன் கீழே நின்று வயர் சிகரெட் பற்ற வைக்கும்போது மேலே ஒரு பாட்டு முடிந்தது. முடிந்த பிறகுதான் அது இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஹலோ முதல் ஆளாகப் படியேறினான்.

மேலே திறந்த மாடி. முழங்கால் உயரத்தில் மஞ்சள் விளக்குகள், தொட்டிகளில் செடிகள், சாய்ந்துகொள்ளப் பிரம்பு நாற்காலிகள். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், யாரும் யார் காதிலும் வாயை வைத்துப் பேசவில்லை. ஹலோ உட்காராமல் சுவரைச் சுற்றிப் பார்த்தான். உள்ளங்கை அகலத்தில் ஆறு சின்னப் பெட்டிகள், இரண்டு மேஜைக்கு ஒன்றாகத் தொங்கின. சோம்பேறி ஒரே பெரிய பெட்டியை வைத்து அலற விடுவான். தொழில் தெரிந்தவன் ஆறு பெட்டியை வைத்து முணுமுணுக்க விடுவான்.

"இத மாட்டினவன் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்டா" என்றான் ஹலோ. அப்புறம்தான் உட்கார்ந்தான்.

கவுண்டரில் இருந்த பெண் வந்தாள். நானும் வயரும் பீர் சொன்னோம். ஹலோ தயங்கித் தயங்கி வெந்நீர் கேட்டான். அவள் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் வெந்நீரை ஊற்றி, விளிம்பில் எலுமிச்சைத் தோலைச் சுருட்டி மாட்டி, கீழே துணி சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். ஹலோ அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"என் பொண்டாட்டி இத்தன நாளா வச்சுக் குடுத்த தண்ணிதானா இது? இவ்வளவு அழகா இருக்கு!"

மணி எட்டே கால். விளக்குக்குப் பின்னால், கைதுடைக்கும் துணிக்கு அடியில் ரெக்கார்டரை வைத்து ஓட விட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. வழக்கப்படி ஹெட்போனை எடுத்து மாட்டப் போனேன். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"கழட்டுடா. அத மாட்டினா நீ வேலைக்கு வந்தவன் ஆயிடுவ. முப்பது வருசமா மேடைலேருந்து உன் வழுக்கைத் தலையத்தான் பாத்திருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் எதிர்ல உக்காந்து மூஞ்சியக் காட்டு."

கழற்றிப் பைக்குள் போட்டேன். அவன் எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் சொன்னது சரிதான், பேச்சு தானாக வந்தது. குரல் அப்போது உப்புத்தாள் தேய்ப்பது போல ஆகியிருந்தது. தாழ்வாகத்தான் பேச முடிந்தது. ஆனாலும் அந்த மாடியில் ஒரு சொல் சிந்தாமல் எங்களுக்குக் கேட்டது. மழையில் பந்தல் சரிந்து நாங்கள் மூவரும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒண்டிய கதையைச் சொன்னான். வயரை மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று நினைத்து முதல் பந்தியில் உட்கார வைத்த கதையைச் சொன்னான். வயருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போயிற்று. அப்புறம் நாங்கள் முப்பது வருடமாகக் கேட்டே அறியாத ஒன்றைச் சொன்னான்.

"அவளை எப்படிப் பாத்தேன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? ஒரு கல்யாண மண்டபம். நீ அன்னிக்கு மிக்ஸர் பியூஸ் போயிடுச்சுன்னு வெளிய போயிருந்த. நான் மைக்க வச்சுக்கிட்டு 'கேக்குதா, கேக்குதா'ன்னு கேட்டுட்டே நிக்கிறேன். மண்டபம் நெறைய ஆளு. ஒருத்தர் திரும்பல. கடைசி வரிசைல ஒரு பொண்ணு பூ கட்டிட்டு இருந்துச்சு. நிமிந்து, 'கேக்குது! கேக்குதுங்க, நல்லா கேக்குது! எத்தன தடவ கேப்பீங்க'ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. இத்தன வருசத்துல அந்தக் கேள்விக்கு வாயால பதில் சொன்ன ஒரே ஆளு அவதான்டா. நீ வெரலத்தான காட்டுவ?"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தான்.

"அப்படிப்பட்டவகிட்ட வீட்ல நான் பேசினதே இல்ல. நாளெல்லாம் மைக்ல கத்தியாச்சு, தொண்டைக்கு ஓய்வு குடுக்கணும்னு உம் கொட்டியே காலத்த ஓட்டிட்டேன். யாருக்குன்னு மிச்சம் பிடிச்சேனோ. இவளே, கேட்டுக்க. நீ கேட்டதுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும். சோம்பேறித்தனத்துல சொல்லல. என்ன மன்னிச்சிரு."

வயர் மூக்கை உறிஞ்சினான். நான் ஏதோ சொல்லி வைக்க வேண்டுமே என்று, "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? பாப்பாவுக்கு." ரெக்கார்டரை மூடிய துணிப் பக்கம் குனிந்தான். "பாப்பா, நான் தாத்தா பேசுறேன். நீ வந்து பாக்கும்போது எங்கழுத்துல ஒரு ஓட்ட இருக்கும். பயப்படாத. தாத்தா அது வழியாத்தான் மூச்சு விடுறேன். அதுக்குள்ள வெரல விட்டுடாத, கண்டதப் போட்டுடாத. நீ அழுதா தாத்தா பாட்டுப் பாடித் தூங்க வைக்க முடியாது. தோள்ல போட்டுத் தட்டிக் குடுக்கிறேன். நீ பேச ஆரம்பிச்சதும் ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பேசிக்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "எல்லாம் கேக்குதாடா?"

துணியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வார்டுக்குள் போனோம். தங்கச்சி என்னிடம் கண்ணாலேயே கேட்டாள். ஆச்சு என்று தலையாட்டினேன். அவள் கும்பிட்டாள். உள்ளே போகும் முன் ஹலோ எங்கள் இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டு, "நல்ல இடம்டா" என்றான். எங்களிடம் அவன் வாயால் கடைசியாகச் சொன்னது அது.

அறுவை எட்டு மணி நேரம் நடந்தது. நன்றாக முடிந்தது என்றார்கள். மறுநாள் மாலை லாட்ஜில் உட்கார்ந்து, தங்கச்சியிடம் கொடுக்கும் முன் முன்னும் பின்னும் வெட்டிச் சரி செய்யலாம் என்று ஹெட்போனை மாட்டிப் பதிவை ஓட விட்டேன்.

நாற்காலி இழுக்கும் சத்தம் வந்தது. பீர் கோப்பைகள் முட்டிக்கொண்டன. வயர் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் ஒன்றும் இல்லை. காற்றுகூட இல்லை. நான் "அடப்பாவி" என்றேன். மறுபடி ஒன்றும் இல்லை. வயர் மூக்கை உறிஞ்சினான். "அப்புறம்?" என்று என் குரல், கட்டைத் தொண்டையில். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை.

முதலில் வயரைத்தான் பிடித்துக்கொண்டேன். பேட்டரி பார்த்தாயா, மைக் முனையைத் துடைத்தாயா, ஓட்டைக் கருவியை எதற்கடா சுமந்து திரிகிறாய் என்று வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். அவன் கருவியை வாங்கித் திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். நாய்ஸ் கேட் உச்சியில் நின்றது. திம் திம் இடத்தில் நான் ஏற்றியது. அங்கிருந்து வெளியே வரும்போது யாரும் இறக்கவில்லை. யாரும் என்றால் என்ன, நான் இறக்கவில்லை. எங்கள் சிரிப்புக்கும் கனைப்புக்கும் கதவு திறந்திருக்கிறது. அவன் குரல் வந்து நின்றபோதெல்லாம் அது இரைச்சல் என்று சாத்திக்கொண்டிருக்கிறது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. ஹெட்போன் இல்லாமல் பதிவு செய்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அந்தக் காலி இடங்களைக் கூட்டிப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன், ராத்திரி முழுக்கப் பார்த்தேன். சாத்தியது சாத்தியதுதான். உள்ளே வராததை எங்கே போய் எடுப்பது?

மூன்று நாள் தங்கச்சியிடம் பொய் சொன்னேன். சுத்தம் பண்ணிட்டு இருக்கேம்மா, கொஞ்சம் வேலை இருக்கு என்றேன். நாலாம் நாள் அவனை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தைகள் எழுதி அழிக்கும் பலகை. இரண்டு பேரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை, கட்டில் காலைப் பார்த்துச் சொன்னேன்.

அவன் பலகையில் எழுதிக் காட்டினான். 'ஹெட்போன் மாட்டலயா?'

"நீதானடா கழட்டச் சொன்ன!" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். அதற்கப்புறம் என்னால் நிற்க முடியவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் தோள் குலுங்கியது. கழுத்துத் துணிக்குள்ளிருந்து புஸ் புஸ் என்று காற்று வந்தது. சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தங்கச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"ஒண்ணுமே இல்லையாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

ஹலோ பலகையை அழித்துவிட்டு எழுதினான். 'லாட்ஜ்ல எடுத்தது?'

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அன்று பிற்பகலில் எடுத்தது, நான் அந்த அளவை ஏற்றுவதற்கு முன்னால். தேடினேன். இருந்தது. பதினொரு நொடி.

"இது வெறும் டெஸ்டிங்மா" என்றேன். "பேச்சு இல்ல."

"குடுங்க."

அவளுக்கு ஹெட்போன் மாட்டத் தெரியவில்லை. நான்தான் முடியை ஒதுக்கி, இரண்டு காதிலும் வைத்து, பட்டனை அழுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஹலோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாடியில் அவன் என்னவெல்லாம் சொன்னான் என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, பூ கட்டிய கதையை நானும் சொல்லியிருக்கவில்லை.

காதை அடைத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவள் சொன்னாள்.

"கேக்குது! கேக்குதுங்க. நல்லா கேக்குது."

அவன் அவளை விட்டு என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"மறுபடி போடுங்கண்ணே" என்றாள்.

போட்டேன்.